மூன்றாம் கோணமும் அளந்தவர்: கர்னல் வில்லியம் லாம்டன்

உத்திரமேரூர் என்ற அளவில் நம்மனோர் நினைவில் எழுவது குடவோலைக் கல்வெட்டேயாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர் மகாசபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டுவித்த செய்தியைப் பள்ளிச் சிறாரும் அறிவர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை அம்முறையில் ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. எனவே, நிலத்தைப் பிழையின்றி அளந்து எல்லை காட்டும் கலை அவ்வூராருக்கு இன்றியமையாததாயிருந்தது. அவ்வூர்க் கல்வெட்டுகள் நிலமொன்றைச் சுட்டுங்கால், இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று வரையறுத்துக் கூறுகின்றன. வதியும் வாய்க்காலும் நெடுக்கும் குறுக்குமாய்ச் செல்ல, இடைப்பட்ட நிலம் கட்டங்களாய் அமைந்தமையின், கோலொன்றைக் கொண்டே உழவர் தம் வயலின் அளவை அறிந்தனர்.

இச் செய்தி நிகழ்ந்து ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, அவ்வூருக்குச் சற்றுத் தெற்கே வானவெளியில் வேறொரு கோடு இழுக்கப்பட்டது. கல்லில் பொறிக்கப்படாமையால் அதனை இன்று கண்ணாற் காண இயலாது. கிழக்கே மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிக் குன்றினின்றும் மேற்கே போளூர்ப் பக்கத்துக் கர்னாட்டிகர் மலைவரை ஏறத்தாழ 55 மைல் நீண்ட பார்வைக் கோடு அது. அதனைக் கோலாலும் சங்கிலியாலும் எவரும் அளந்திலர்; கோணங்களாலேயே அதன் நீளம் அறியப்பட்டது. அறிந்தவர் கர்னல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். பாரதநாட்டுப் பெரும் முக்கோண அளவைக்கு அடிகோலிய அவரது வாழ்க்கையை, கோணமென்பது யாதென்று கற்கும் நம் மாணவர்பொருட்டு இங்கு எழுதப் புகுகின்றோம்.

லாம்டன் இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயர் மாகாணத்தின் வடபகுதியில், நார்தலர்ட்டன் என்னும் ஊரையடுத்த கிராமமொன்றில் 1753-ஆம் ஆண்டளவில் பிறந்தார். செல்வமோ குலப்பெருமையோ அவருக்குத் துணைநின்றதில்லை. இயல்பாய் அமைந்த கணித விருப்பமொன்றே அவர் கைப்பொருள். 1781-ஆம் ஆண்டில் காலாட்படையில் இளநிலை அதிகாரியாய்ச் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் ஈடுபட்டார். யார்க்டவுனில் ஆங்கிலப்படை சரணடைந்தபோது தாமும் சிறைப்பட்டார். பின்னர்க் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் நில அளவைத் தொழிலில் அமர்ந்து, ஓய்வு நேரமனைத்தையும் கணித நூல்களிலேயே செலவிட்டார். அங்கிருந்த காலத்தில் சூரிய கிரகணமொன்றைத் தக்க காப்பின்றி நோக்கியமையால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்பர். எஞ்சிய கண்ணொன்றைக் கொண்டே பிற்காலத்தில் பரந்ததொரு நாட்டை அவர் அளந்தார் என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் வியப்புறுகின்றது.

1790-களின் பிற்பகுதியில் தம் படையுடன் இந்தியா வந்தார். ஆர்தர் வெல்லெஸ்லி அப்படையின் தலைவர். 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையின்போது நிகழ்ந்ததொன்று லாம்டனது இயல்பை நன்கு புலப்படுத்தும். தளபதி பெயர்டு இருளில் ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்று மீளுகையில், படை தன் பாசறை நோக்கிச் செல்லாமல் திப்பு சுல்தானின் அணிவகுப்பை நோக்கிச் செல்வதை விண்மீன்களின் நிலையால் லாம்டன் உணர்ந்து எடுத்துரைத்தார். வழி தமக்குத் தெரியுமென்று தளபதி முதலில் மறுத்தாராயினும், விளக்கேற்றித் திசைகாட்டியை நோக்கியபின் விண்மீன்கள் சொன்னதே மெய்யென்று கண்டு திரும்பினார்.

அப்போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் கடற்கரை முதல் கடற்கரைவரை கணித முறையால் அளக்க வேண்டுமென்று லாம்டன் கும்பினியாருக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் இதன் பயனை உணர்ந்தோர் சிலரே. ஸ்ரீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதுமே, இதற்கோர் அளவை வேண்டுமோ என்று சென்னைப் பட்டணத்து நிதி அதிகாரி ஒருவர் வினவியதாகச் சொல்லுவர். எனினும் அனுமதி கிடைத்தது. கும்பினியார்க்கு வேண்டியது தாம் வென்ற நாட்டின் படமும் வரியும். லாம்டன் அதனோடு பூமியின் உருவத்தையும் அறிய விரும்பினார். இவ்விரு நோக்கங்களும் ஒரே வண்டியிற் பூட்டிய இரு மாடுகளெனச் சென்றன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நிற்க. அவர் செய்த வேலையை அறியவேண்டின், கோணத்தை அளத்தல் என்றால் என்ன என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

நீளத்தை அடியாலும் கோலாலும் அளக்கின்றோம். கோணமோ நீளமன்று, ஒரு கோடு மற்றொன்றினின்றும் எத்துணைத் திரும்பியுள்ளது என்பதன் அளவே கோணம். நம் ஊர்களில் ஓடிய கட்டை வண்டியின் சக்கரத்தை நோக்குக. பன்னிரண்டு ஆரக்கால்கள் உள்ள சக்கரத்தில், அடுத்தடுத்த இரண்டு கால்கள் குடத்தருகே விரற்கடை அளவே விலகி நிற்கும். வட்டையருகே அவ்விலக்கம் ஏறத்தாழ ஒரு முழமாகும். ஆயினும் அவ்விரு கால்களுக்கும் இடைப்பட்ட கோணம் குடத்தருகேயும் வட்டையருகேயும் ஒன்றே. முழுச்சுற்றைப் பன்னிரண்டாய்ப் பகுத்தமையின் அது 30 பாகையாம். கரங்கள் நீண்டதனால் கோணம் பெருகாது, குறுகியதனாற் சிறுகாது. இளைஞர் பலர் கோணமானியைக் கையிலெடுத்ததும் தடுமாறுவது இவ்வுண்மையை மறப்பதனாலேயே.

முழுச்சுற்று 360 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கலை. கலை ஒன்றுக்கு 60 விகலை. நம் கையிலுள்ள கோணமானி பாகையைக் காட்டும். அரைப் பாகையைக் கருத்தால் ஊகிக்கலாம். கலையையோ விகலையையோ அதனிடம் வினவுதல் வீண். ஒரு விகலை எத்துணை நுண்ணியது எனின், ஒரு மைல் தொலைவில் அது மூன்றிலொரு பங்கு அங்குலத்துக்கும் குறைந்த அகலமே. ஆனால் 30 மைல் தொலைவுக்குச் சென்றால் அவ்வொரு விகலைப் பிழை 9 அங்குலப் பிழையாக வளர்ந்துவிடும். கரம் நீண்டால் கோணம் வளராது, பிழையின் விளைவோ வளரும். சிறு பிழை தூரம் செல்லச் செல்லப் பெரும் பிழையாவது வாழ்க்கைக்கும் பொருந்துவதன்றோ?

இனி, முக்கோணமொன்றில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்கள் கணக்கினாற் கிடைக்கும். ஆதலின் சமவெளியில் ஒரே ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டு, அதன் இரு முனைகளினின்றும் தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், குன்றுவரையுள்ள தூரம் நடந்து செல்லாமலே விளங்கும். அவ்வாறு கண்ட பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று என நாடு முழுவதும் முக்கோணத் தொடரைப் பின்னலாம். கருங்குழிக்கும் கர்னாட்டிகருக்கும் இடைப்பட்ட தூரம் அறியப்பட்டது இம்முறையாலேயே.

முதற் கோடு சென்னையை அடுத்த பரங்கிமலைச் சமவெளியில் அளக்கப்பட்டது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அவ்வேலை தொடங்கிற்று. ராம்ஸ்டன் என்னும் கருவித் தச்சர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அதற்குப் பயன்பட்டது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக அனுப்பப்பெற்ற பொருள்களுள் ஒன்றாயிருந்து, கைமாறி இந்நாடு வந்து சேர்ந்தது அச்சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமாதலின், சங்கிலியை முக்காலிகளின்மேல் வைத்த மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன்வைத்து, வெப்பத்துக்கேற்பத் திருத்தம் கணக்கிட்டனர். ஏழரை மைலுக்குச் சற்று மேற்பட்ட அக்கோடு 40,006 அடிக்குச் சிறிது கூடுதலாயிருந்தது. சித்திரை வெயிலில் 400 முறை சங்கிலி கிடத்திய அந்த உழைப்பே பின்வந்த அளவைகள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

கோணமளக்கும் கருவியின் வரலாறு இன்னும் வியத்தற்குரியது. லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடோலைட்டு அரை டன் எடையுள்ளது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டம் உடையது. அத்துணைப் பெரிய வட்டம் எதற்கு எனின், பெரிய வட்டத்தில் ஒவ்வொரு பாகையும் அகன்று நிற்குமாதலின் அதனைச் சிறு கூறுகளாய்ப் பிரிக்கலாகும் என்பதற்கே. அவ்வட்டத்திலும் ஒரு விகலை என்பது அங்குலத்தைப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான். அதனை நுண்பெருக்கிகள் வாயிலாகவே நோக்குதல் இயலும். இக்கருவியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியசுத் தீவுக்குக் கொண்டுசென்றனர். அது போர்க்கருவியன்று, அறிவுக்கருவி என உணர்ந்ததும், தீவின் ஆளுநர் அதனை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1802-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது வந்து சேர்ந்தது. பகைவரிடையேயும் கல்விக்கு மதிப்பிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

அக்கருவி கொண்டு லாம்டன் கடற்கரையோரமாய்த் தெற்கும் வடக்கும், பின்னர் மேற்கு நோக்கியும் முக்கோணங்களை விரித்துச் சென்றார். கருங்குழியிலும் கர்னாட்டிகரிலும் துருவ நட்சத்திரத்தை நோக்கி, ஒவ்வொரு குன்றினின்றும் மற்றொன்று இருக்கும் திசை வடக்கினின்று எத்துணைப் பாகை விலகியுள்ளதெனக் கண்டார். வடக்கென்னும் திசை ஈரிடத்தும் இணையாக நில்லாது. வடதுருவம் நோக்கிக் குவியும். அக்குவிவின் அளவும் இடையிலுள்ள தூரமும் தெரிந்தால் கிழக்கு மேற்காகப் பூமியின் வளைவு விளங்கும். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் மேலாகச் சென்ற அப்பார்வை, பூவுலகின் வடிவை அறிதற்கு ஒரு கருவியாயிற்று. தென்வடலாக இந்நாட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 68¾ மைல் என்பதும் அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. துருவத்தையடுத்த நாடுகளில் அது மேலும் நீளமாயிருத்தலால், பூமி துருவங்களிற் சிறிது தட்டையானது என்ற நியூட்டனின் கொள்கை வலுப்பெறுகின்றது.

இங்கே நாம் சிறப்பாக நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையாகும் என்பது நாம் படித்ததே. ஆகவே இரண்டை அளந்தால் மூன்றாவதை 180-இலிருந்து கழித்தே அறியலாம். அதனை அளத்தற்கு வேறொரு மலையில் அரை டன் கருவியை ஏற்றுவானேன்? லாம்டன் இயன்ற இடமெல்லாம் மூன்றாவதையும் ஏறி அளந்தார். முதல் இரண்டு கோணங்களும் அளந்தவன் சொல்லும் செய்தி. மூன்றாவதோ அவனைச் சோதிக்கும் சாட்சி. மூன்றும் கூட்டினால் கணக்குச் சரிவரின் வேலை நன்று. வராவிடின் எங்கோ பிழை. கழித்தலால் பெற்ற மூன்றாம் கோணம் என்றும் பிழை காட்டாது, ஏனெனில் அது தானாக ஒன்றும் சொல்லாது. தேர்வுத்தாளில் விடையை முன்னரே அறிந்துகொண்டு வழியைப் பின்னர் எழுதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

மற்றுமொரு நுட்பம்: பூமி உருண்டையாதலின் அதன்மேல் வரைந்த பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குச் சற்று மிகும். ஏறத்தாழ 76 சதுரமைல் பரப்புக்கு ஒரு விகலை வீதம் அம்மிகுதி அமையும். 30 மைல் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில் அது 5 விகலையே. அதனையும் விடாது கணக்கிற் சேர்த்தனர் என்றால் அவ்வேலையின் நுண்மையை என்னென்பது! 1804-ஆம் ஆண்டில் பெங்களூரையடுத்து இரண்டாவது கோடொன்றைச் சங்கிலியால் அளந்து, பரங்கிமலைக் கோட்டினின்றும் முக்கோணங்களின் வழியே கணித்துவந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது, ஏழு மைல் அளவில் வேற்றுமை 4 அங்குலத்துக்கும் குறைவாயிருந்தது. சென்னையிலிருந்து மங்களூர்வரை சென்ற தொடரோ, அந்நாள் படங்களில் 400 மைலெனக் குறிக்கப்பட்டிருந்த அகலம் மெய்யாக 360 மைலே என்று காட்டிற்று.

இனி, அவருக்கு நேர்ந்த பெருஞ்சோதனையைக் கூறுவோம். 1808-ஆம் ஆண்டில் தஞ்சை மண்டலத்தில் அளவை நடந்தது. அது குன்றில்லாத சமவெளி. தென்னையும் பனையும் பார்வையை மறைப்பன. ஆதலின் கோயிற் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது, இழுப்புக் கயிறொன்று அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கிடைவட்டம் வளைந்து உருக்குலைந்தது. கோணமளக்கும் வட்டமே வட்டமாயிராதபோது இனி எதனைக்கொண்டு அளப்பது? புதுக்கருவி வேண்டின் லண்டனுக்கு எழுதி ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். சிறு வளைவுதானே என்று மறைத்து வேலையைத் தொடரலாம். தொடர்ந்திருப்பின் அன்று எவரும் அறியார். ஆனால் பிழை மைல்தோறும் வளர்ந்து தெற்கே சென்றிருக்கும்.

லாம்டன் இரண்டும் செய்திலர். கூடாரத்துள் அடைந்து, உதவியாளர் சிலரன்றி எவரையும் உள்ளே விடாமல், கருவியைத் திருகு திருகாகக் கழற்றினார். தட்டையான பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி, ஆப்புகளும் திருகாணிகளும் கப்பிகளும் கொண்டு, கோணிய வளையத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து அவ்வளவோடு பொருத்தினார். ஆறு வாரங்களில் வட்டம் பெரும்பாலும் பழைய வடிவை எய்தியது. அது முற்றும் சீர்ப்பட்டதா என்பதை அறிவிக்க வல்லது எது? நாம் முன்னர்க் கூறிய மூன்றாம் கோணமே. கருவி கோடியிருப்பின் கூட்டுத்தொகை அதனைச் சொல்லிவிடும். தம்மைச் சோதிக்கும் சாட்சியைத் தாமே உடன்கொண்டு சென்றமையால், பழுதுபட்ட கருவியோடும் அவர் அஞ்சாது நடக்க முடிந்தது. 1809-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலும் அடிக்கோடொன்று அளக்கப்பட்டது. முக்கோணத் தொடர் குமரிமுனையை அணுகியது.

அதன்பின் அவர் வடக்கு நோக்கினார். 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, தென்முனையிலிருந்து ஐதராபாத்து நாட்டின் பீதர்வரை ஏறத்தாழ 10 பாகை நீண்ட வில்லை அளந்து முடித்தார். 1817-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராயினார். பிரெஞ்சு அறிவியற் கழகமும் அவரைத் தொடர்பு உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. 1818-ஆம் ஆண்டில் அவ்வேலை கவர்னர் ஜெனரலின் நேர் ஆட்சிக்குக் கீழ் வந்து பெரும் முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டே ஜார்ஜ் எவரெஸ்டு அவருக்குத் துணைவராய் வந்தார்.

இருபதாண்டுக் காலம் கூடாரமே அவர் வீடு. கொடிபிடித்து மலையுச்சியில் நின்றோர், விளக்கேற்றியோர், கருவியைத் தோளிற் சுமந்தோர் ஆகிய நம் நாட்டுத் தொழிலாளர் பலரின் பெயரை எவரும் எழுதி வைத்திலர். காட்டு நோயும் காய்ச்சலும் அவர்களைக் கொண்டுபோயின. லாம்டனின் புகழில் அவர்தம் பங்கும் உண்டென்பதைச் சொல்லாமல் இச்சரித்திரத்தை முடித்தல் நேர்மையாகாது.

முதுமையும் நோயும் நலிய, அலுவலை நாகபுரிக்கு மாற்றச் செல்லும் வழியில் இங்கன்காட் என்னும் ஊரில், 1823-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஏறத்தாழ எழுபதாம் வயதில் லாம்டன் காலமானார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது. அவருடைய அளவைக்குட்பட்ட நிலப்பரப்பு 1,65,342 சதுரமைல். எவரெஸ்டு அவ்வில்லை இமயத்தின் அடிவாரம்வரை 1841-ஆம் ஆண்டளவில் நீட்டினார். அம்முக்கோணங்களின் துணையாற் பின்னர் உலகின் மிக உயர்ந்த சிகரம் கணக்கிடப்பட்டு எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்டன் அளந்த தென்பகுதியோ, கருவிகள் சிறந்த பின், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீளவும் அளக்கப்பட்டது. இதனால் அவர் பெருமை குன்றவில்லை. பின்வந்தோர் சோதித்துத் திருத்தற்கு இடமாகத் தம் வேலையை வைத்துச் சென்றதே அறிஞர்க்கு அழகு.

இன்று வானிற் சுழலும் செயற்கைக்கோள்கள் நாம் நிற்கும் இடத்தை நொடிப்பொழுதில் கூறிவிடுகின்றன. கருங்குழிக் குன்றின்மேல் ஏறிக் கோணமளக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. எனினும், உத்திரமேரூர்ப் பள்ளியில் கோணமானியைக் கையிலெடுக்கும் சிறுவனுக்கு லாம்டன் விட்டுச்சென்ற பாடம் பழையதாகிவிடவில்லை. முனையின்மேல் மையத்தைச் சரியாக வை; ஒரு கரத்தின்மேல் சுழியைப் பொருத்து; மற்றொரு கரம் காட்டும் பாகையை நேர்நின்று படி. இவ்வாறு மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்து, பின்னரே கூட்டிப் பார். 180 வாராவிடின் எண்ணைத் திருத்தாதே; கோணத்தை மீண்டும் அள. இவ்வொழுக்கத்தை இளமையிற் கைக்கொள்வோர் எத்துறை புகினும் நம்பத்தக்கவராய் விளங்குவர் என்பது நம் துணிபு.